நலம் விசாரிப்பு

இந்தப் பக்கெட்டைக் கொஞ்சம் இக்கட்டால நகுத்திக்கட்டுங்களா அக்கா? உங்க கால்ல இடிக்குது. உள்ள செருப்பும் தலகாணியும்தான், கனமில்லீங்க. அந்தப் பெட்டி, இந்தப் பை ரெண்டு, மேல கெடக்கற பாய், அத்தனையும் நம்முளுதுதான். ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுப் போறனுங்க. லீவெல்லாம் இல்ல. ஆகஸ்ட் மாசத்துல எந்தக் காலேஜுல லீவு உடறாங்க?

அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல நீலத் துண்டு போட்டிருக்கறாரு பாருங்க, அவருதான் என்ற அப்பா. நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பிப் பாக்கறாரு. ஓடிப் போயிருவேன்னு பயம். ஓடற பஸ்ஸுல இருந்து எங்கீங்க ஓடறது? சேந்தாப்புல சீட்டு இல்ல, அதனாலதான் உங்க பக்கத்துல உக்காந்தேன். ஒரு பொம்பளைகிட்டத்தானே பேசறான்னு உட்டிருக்காரு.

எம்பேரு நாகநந்தினிங்க. பி.எஸ்சி. கணக்கு, மூணாம் வருசம். ஊரு காங்கயம் பக்கம், அப்பா கொப்பரை காயப் போடற தேங்காய்க் களம் வெச்சிருக்காரு. எந்தக் காலேஜுன்னு மட்டும் கேக்காதீங்க. என்னால காலேஜ் பேரு கெடக்கூடாது. அந்த விசுவாசம் எனக்கு இன்னும் இருக்குது. நான் அங்க சாதாரண ஆளில்லீங்க. பாரதப் பண்பாட்டு மாணவர் பேரவைன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லீங்களா? பேப்பர்லகூட வந்துச்சுங்களே. சரி, போச்சாது. அதுல மகளிர் அணிச் செயலாளர் நானுதான். எங்க காலேஜுல நாலு பசங்க ஒண்ணாக் கூடி நின்னா அதுல ரெண்டு பேரு பேரவைக்காரங்களா இருப்பாங்க.

நீங்களும் மொகத்தைச் சுளிக்கறீங்க பாருங்க. பேரவைன்னாவே பொட்டு வெச்சுக்கிட்டு அடுத்தவங்களை மெரட்டற கூட்டம்னு ஒரு பேச்சு. அப்பிடிப் பேசறவங்க ஒருத்தராச்சும் எங்க ஹாஸ்டல் தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்காங்களா? முதல் வருசம் நான் போனப்ப தண்ணியில புழு நெளிஞ்சுதுங்க. எதிர்க்கோஷ்டிப் பசங்க செவப்பு மையில போஸ்டர் ஒட்டுனாங்க. ஒட்டிட்டுப் போயிட்டாங்க. பேரவைக்காரங்க என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? நூறு பேரு பிரின்சிபால் ரூமுக்கு முன்னால உக்காந்து பஜனை பாடுனாங்க. பஜனை பாடறவங்களைத் தூக்கிட்டுப் போகச் சொல்லிப் போலீஸைக் கூப்பிட முடியுங்களா? ரெண்டு மணி நேரத்துல லாரித் தண்ணி வந்துருச்சு.

இன்னொண்ணும் சொல்றேன். எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் வேணும்னாங்க. எங்க சொந்தபந்தம் அத்தனையும் ஆளுக்கொரு வேலை சொல்லிட்டு நழுவிட்டாங்க. பேரவைப் பசங்க ஒம்பது பேரு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னாங்க. அதை நான் மறக்கவே மாட்டேன். இப்பவும், இன்னிக்கு இந்தப் பஸ்ஸுல உக்காந்துக்கிட்டும், மறக்கலீங்க.

அப்ப நான் எப்பிடி இருந்தேன்னு நெனக்கறீங்க? ரோல் நம்பர் கேட்டாவே அழுதுருவேன். சந்திரமௌலி அண்ணாதான் என்னை மேடையில ஏத்துனாரு. அவரு மாணவர் இல்லீங்க, நாப்பது வயசு இருக்கும். பேரவைக்கு மாவட்டப் பொறுப்பாளர். கல்யாணங்கூடக் கட்டாம இதே வேலையா இருக்கறவரு. ஒரு கூட்டத்துல திடீர்னு, "நன்றியுரை நந்தினி சொல்லும்"னுட்டாரு. கையில மைக்கு. மொத வரியையே ரெண்டு தடவை சொன்னேன். ஆனா பேசுனதுக்கு அப்புறம் எம்பட குரலு எனக்கே புடிச்சுப் போச்சு. அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கல, அவ்வளவு சந்தோசம்.

பாத பூஜைதான் என்னை ஊரறிய வெச்சுதுங்க. ரெண்டாம் வருசம், பெற்றோர் பாத பூஜைன்னு பேரவை நடத்துச்சு. பெத்தவங்களை மைதானத்துல வரிசையாச் சேர் போட்டு உக்கார வெச்சு, புள்ளைக தாம்பாளத்துல தண்ணி ஊத்திக் காலைக் கழுவி, மஞ்சக்குங்குமம் வெச்சுக் கும்புடணும். நானூத்திப் பன்னெண்டு பேரு வந்தாங்க. அத்தனை பேத்தையும் கூப்பிட்டது நானுங்க. அதுக்கு ஒரு படிவம் போட்டதும் நானு. மாணவி பேரு, அப்பா பேரு, ஊரு, அப்பாவோட செல் நம்பர். அம்மா நம்பருக்கும் ஒரு கட்டம் போடலாமுன்னு சுபத்ரான்னு ஒரு ஜூனியர் கேட்டுச்சு. அம்மாக எதுக்கு, முடிவெடுக்கறது அப்பாதானேன்னு நான் வேண்டாம்னுட்டேன். எப்பிடி நெரப்பணும்னு மத்த புள்ளைகளுக்குக் காட்டறதுக்காக முதல் படிவத்துல என்ற விவரத்தையே எழுதுனேன். ஃபைல்ல முதல் தாளு என்னுதுதான்.

அப்பா வந்தாரு. களத்துல இருந்து அப்பிடியே வந்த கால், வெடிப்பு வெடிப்பா இருக்குது. நான் கழுவக் கழுவ அவரு அழுதாரு. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்லீங்க. "காலேஜுக்குள்ள என்னையும் ஒரு மனுசனா மதிச்சுச் சேர்ல உக்கார வெச்சாங்களே அம்மிணி"ன்னாரு. எனக்கும் அழுகை பொங்கிருச்சு. நாங்க ரெண்டு பேரும் இருக்கற போட்டோதான் பேப்பர்ல வந்துச்சு. அன்னிக்கு நான் மேடையில பேசுனதுக்குக் கைதட்டல் அடங்கவே ஒரு நிமிசம் ஆச்சுங்க. சந்திரமௌலி அண்ணாவே எந்திரிச்சு நின்னு தட்டுனாரு.

சூலூர் தாண்டியாச்சுங்களா? இன்னும் நேரம் இருக்குது.

அந்தப் படிவமெல்லாம் வீணாப் போகக் கூடாதில்லீங்களா? அண்ணா சொன்னாரு, பெத்தவங்களோட தொடர்பு அறுந்துரக் கூடாதுன்னு. அதுக்குத்தான் நலம் விசாரிப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சோம். புள்ளை எப்பிடி இருக்குதுன்னு அப்பாகளுக்குப் போன் பண்ணிச் சொல்றது. சும்மா இல்லீங்க, பாதை மாறுற புள்ளைக வீட்டுக்கு மட்டும். அதுல என்ற வழி தனி. மத்தவங்க மாதிரி மூட்டி உடறதில்ல. கெட்ட வார்த்தை இல்ல, கோவம் இல்ல. "அய்யா வணக்கமுங்க. உங்க பொண்ணு நல்லா இருக்காங்க, ஒண்ணும் பயப்படாதீங்க. நேத்து மத்தியானம் பேக்கரியில பாத்தோம். கூட ஒரு தம்பி இருந்தாப்புல. அவ்வளவுதானுங்க." இம்புட்டுத்தான் பேசணும். இதுல எங்கயாச்சும் பொய் இருக்குதுங்களா? "அவ்வளவுதானுங்க"ன்னு சொன்னதும் போனை வெச்சிரக் கூடாது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். அதுக்குள்ள மிச்சத்தை அவரே நெனச்சுக்குவாரு. சுபத்ராவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது அவசரப்பட்டு மூணுலயே வெச்சிரும். அஞ்சு வரைக்கும் எண்ணு புள்ளேன்னு தலையில கொட்டிக் கொட்டிப் பழக்குனேன்.

வெண்மதின்னு என்ற ரூம்மேட்டு. அவளுக்கும் பண்ணுனேன். அப்பிடிப் பாக்காதீங்க அக்கா. அவ விசயம் வேற. அவ நெசமாவே ஒரு பையனோட பழகுனா. பையன் ஊட்டுக்காரங்க வேற ஆளுக. எனக்குக் கால்குலஸ் சொல்லிக் குடுத்தவ அவதான். டிபார்ட்மெண்ட்ல முதல் மார்க்கு. அந்தப் புள்ளை வாழ்க்கை கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் பண்ணுனேன். பாசம் இல்லாமலா? மக்கா நாளு விடிஞ்சதுமே அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. நான்தான் துணிமணியெல்லாம் மடிச்சு வெச்சுக் குடுத்தேன். போற வரைக்கும் எங்கையைப் புடிச்சுக்கிட்டு, எங்கப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னாக் கேப்பாருன்னு அழுதா. நான் என்னத்தைச் சொல்றது? ரெண்டு மாசத்துல பெருந்துறையில கட்டிக் குடுத்துட்டாங்க. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், வயித்துல புள்ளையோட. நல்லா இருக்கறயா வெண்மதின்னு கேட்டேன். "நீ கேக்காதே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வசதியான எடத்துக்குப் போனதும் வந்த திமிருன்னு நெனச்சுக்கிட்டேன். போன் பண்ணுனது யாருன்னு அவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருக்காது.

என்ற கதைக்கு வர்றேன். இந்த வருசம் எங்க காலேஜுல மாணவர் சங்கத் தேர்தல். ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் நடத்தறாங்க. பேரவை சார்புல தலைவர் பதவிக்கு யாரு நிக்கறது? நீங்களே சொல்லுங்க. பாத பூஜைக்கு ஆள் சேத்தது யாரு, ஹாஸ்டல் ஓட்டு முந்நூறையும் கையில வெச்சிருக்கறது யாரு? நான்தான்னு நானும் இருந்தேன், ஹாஸ்டலும் இருந்துச்சு. அண்ணா கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்றாரு, "தலைவருக்குத் தருண்விக்ரம் நிக்கட்டும் தங்கச்சி. நீ துணைத் தலைவர். பொம்பளைப் புள்ளை முன்னால நின்னா மத்த கோஷ்டிக்காரன் கண்டதையும் பேசுவான். உன்ற நல்லதுக்குத்தான்." தருண்விக்ரம் பேரவைக்கு வந்து அஞ்சு மாசந்தான் ஆச்சுங்க. அவனுக்கு நன்றியுரைகூட ஒழுங்கா வராது. எழுதிக் குடுத்தாலும் தாளைத் தலைகீழாப் புடிப்பான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்பிடின்னா நான் தனியாவே நிக்கறேண்ணான்னு சொல்லிட்டேன். அவரு சிரிச்சாரு. செவ்வாக்கிழமை நாமினேஷன் குடுத்துட்டேன். முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும். பேரவைக்குப் பயந்து ஒரு புள்ளைகூட வரல. எங்க கிளாஸ்ல ரெண்டு பசங்க, எந்தக் கோஷ்டியும் இல்லாதவங்க, கையெழுத்துப் போடறோம்னு வந்தாங்க. காலேஜ் கேட்டுக்கு எதுக்க இருக்கற ஜெராக்ஸ் கடையில நின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நல்ல வெயிலு, ஆளுக்கொரு சர்பத் குடிச்சோம். பத்து நிமிசம் இருக்கும்.

புதன்கிழமை எங்கப்பாவுக்குப் போன் போயிருச்சு.

இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு ஹாஸ்டல் வாசல்ல வந்து நிக்கறாரு. என்னப்பான்னா, "அவிக ரொம்ப நல்லவிதமாத்தான் பேசுனாங்க அம்மிணி. உங்க பொண்ணு நல்லா இருக்காங்க, ஒண்ணும் பயப்படாதீங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க. ஜெராக்ஸ் கடையில பாத்தாங்களாம். கூட ரெண்டு தம்பிக இருந்தாங்களாம். அவ்வளவுதானுங்கன்னாங்க"ங்கறாரு. அப்புறம் என்னப்பா சொன்னாங்கன்னு கேட்டேன். "அப்புறம் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. சொல்லச் சங்கடப்படறாங்கன்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்"ங்கறாரு.

சுபத்ரா அஞ்சு வரைக்கும் எண்ணிருச்சுங்க.

பேச வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. பேசாம இருப்பனா? நாமினேஷன் தாளோட ஜெராக்ஸைக் காட்டுனேன். கையெழுத்தைக் காட்டுனேன். அழுதேன். அம்மா மேல சத்தியம் பண்ணுனேன். அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? "நீதானே அம்மிணி மேடையில சொன்னே?" ஆமாங்க, பாத பூஜை அன்னிக்குச் சொன்னேன். அந்தக் கைதட்டலே அதுக்குத்தான். மாட்டிக்கிட்ட பொண்ணு முதல்ல ஆதாரம் காட்டுவா, அப்புறம் அழுவா, அப்புறம் சத்தியம் பண்ணுவா, மூணையும் நம்பாதீங்க பெற்றோர்களேன்னு பேசுனேன். எங்கப்பா ஒரு வார்த்தை மறக்கல. பன்னெண்டாவது வரைக்கும் எனக்கு என்ன பாடம்னுகூட அவருக்குத் தெரியாதுங்க. இதை மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு.

எட்டு மணிக்குச் சந்திரமௌலி அண்ணா வந்தாரு. அப்பா தோள்ல கை போட்டு அப்பிடி ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு உசுரே வந்துச்சு. அண்ணா சொன்னா அப்பா கேப்பாரு. அண்ணா எங்கிட்ட வந்து, வாபஸ் படிவம் கையோட கொண்டாந்திருந்தாரு, "இதுல ஒரு கையெழுத்துப் போடு தங்கச்சி, அப்பாகிட்ட நான் பேசறேன்"னாரு. போட்டேன். உடனே போட்டேனுங்க. மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டு அப்பாகிட்டப் போயி, "பொண்ணு கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருக்கட்டுங்கய்யா, மனசு அலையுது"ன்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு.

அண்ணா மேல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அமைப்புன்னா ஒரு கட்டுப்பாடு வேணும். ஆனா ஆளு பாத்துப் பண்ணணுமில்லீங்களா? நலம் விசாரிப்பு எதுக்கு வெச்சது? வெண்மதி மாதிரிப் புள்ளைகளுக்கு. என்னை மாதிரிப் புள்ளைக்குப் பண்ணுனா அது தப்புதானே? அதைத்தான் நான் கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல.

செல்போனை அப்பா வாங்கி ஜோப்புல போட்டுக்கிட்டாரு. திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கறோம்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஒரம்பரைச் சனம் வர்றாங்களாம். எதுக்கு வர்றாங்கன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. வெள்ளகோயில்ல நூல் மில்லு வெச்சிருக்கறவங்கன்னு அம்மா போன்ல பேசுனது காதுல உழுந்துச்சு. இன்னும் ஒரே ஒரு வருசந்தான் அக்கா. டிகிரி கையில இருந்தா நான் எப்பிடியாச்சும் பொழச்சுக்குவேன். டி.சி.யை வாங்கிட்டா அவ்வளவுதான். அந்தக் களத்துலயோ நூல் மில்லு ஊட்டுலயோ, எங்க இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.

பல்லடம் வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிக்கும். அப்பா டீ குடிக்க எறங்குவாரு. பாருங்க, எறங்கறாரு. கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டுப் போறாரு, என்னைப் பாத்துக்கச் சொல்லி.

அக்கா, ஒரு ஒதவிங்க. நான் ஏறுனப்ப நீங்க ஜன்னலைச் சாத்தச் சொல்லி முன் சீட்டுக்காரர்கிட்டப் பேசுனீங்க பாருங்க, அப்பவே நெனச்சேன். நல்ல நெதானமான குரலு. அதுக்குத்தான் இத்தனையும் உங்ககிட்டச் சொன்னேன். உங்க செல்லுல இருந்து எங்கப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. நம்பரை நானே அழுத்தித் தர்றேன். நான் சொல்றதை அப்பிடியே சொல்லுங்க போதும். "அய்யா வணக்கமுங்க. உங்க பொண்ணு நல்லா இருக்காங்க, ஒண்ணும் பயப்படாதீங்க. நாங்க விசாரிச்சோம். அந்தத் தம்பிக ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வந்தவங்க. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. டி.சி. வாங்காதீங்க, படிக்கட்டும். அவ்வளவுதானுங்க." இதுல பொய் எங்கீங்க இருக்குது? ஒரு வார்த்தை பொய்யில்ல. நான் பக்கத்துல உக்காந்து சொன்னா நம்ப மாட்டாரு, போன்ல வந்தா நம்புவாரு. அவருக்கு அப்பிடித்தான் பழக்கி வெச்சிருக்குது. மாட்டேன்னு சொல்லிராதீங்க அக்கா. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்.

குடுங்க, அழுத்தறேன். அடிக்குது. கொஞ்சம் இப்பிடிச் சாஞ்சுக்கங்க, ஜன்னல்ல தெரியுது. எடுக்கறாரு. பேசுங்க.

ஆமா. அப்பிடித்தான். அவசரம் வேண்டாம்.

டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டாரு. தலையாட்டறாரு. கேக்கறாரு அக்கா, நல்லாக் கேக்கறாரு. அவ்வளவுதானுங்கன்னு சொல்லிட்டீங்களா? வெச்சிராதீங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு.

என்னங்க? போனைக் கையால மூடிக்கிட்டுச் சொல்லுங்க. என்ன கேக்கறாரு?

நீங்க யாருன்னா?

நீங்க யாருன்னு கேக்கறாரா? நாப்பத்தோரு வீட்டுக்குப் பேசிருக்கேன் அக்கா. ஒரு அப்பாகூட எங்கிட்ட அதைக் கேட்டதில்ல. நேத்து இவரும் சுபத்ராகிட்டக் கேக்கல. பொண்ணு மேல தப்பில்லைன்னு சொன்னதும் கேக்கறாரு பாருங்க.

இருங்க, சொல்றேன். வார்டன்னு சொன்னா, காலையிலதான் அந்தம்மாவைப் பாத்துப் பேசிட்டு வந்தாரு. புரொபசர்னு சொன்னாப் பேரு கேப்பாரு, எந்தப் புரொபசர் எனக்காகப் பேசுவாங்க? பிரெண்டோட அம்மான்னு சொல்லுங்க. எந்தப் பிரெண்டுன்னு கேப்பாரே. எந்தப் பிரெண்டுங்க? பஸ்ஸுப் பக்கம் திரும்பறாரு அக்கா. எனக்கு வேண்டியவங்கன்னு ஏதாச்சும் ஒரு பேரு சொல்லணும். எனக்கு ஒரு பேரும் வரமாட்டேங்குது.